கிளிப்பில் இருந்த மணல்

அம்மா காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் மகனைத் திட்டிவிடுவாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரில் அவன் படம் மாட்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே அதன் முன்னால் வந்து நிற்பாள். "ஒரு கிளிப்புடா. ஒரே ஒரு கிளிப்பு. சொடக்குப் போடற நேரம். அதைக்கூட மாட்ட முடியல இல்ல உன்னால?" படம் சிரித்துக்கொண்டிருக்கும். "சிரி. நல்லா சிரி, தறுதலை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாலைக் காய்ச்சுவாள்.

அவன் செத்து ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. விபத்து என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவில், யாரோ வீடு கட்டக் கொண்டுபோன மணல் சிந்திக் கிடந்தது. பின்சக்கரம் அதில் வழுக்கியது. வேகமும் இல்லை, குடியும் இல்லை, எதிரே லாரியும் இல்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு. தலை மட்டும் நடைபாதையின் விளிம்புக் கல்லில் போய் மோதியது. ஹெல்மெட் அப்போது தலையில் இல்லை. அது தனியாக உருண்டு சாலையின் அந்தப் பக்கம் போய்க் கிடந்தது. கூடி நின்றவர்களில் ஒருவன், "கிளிப் போடாம ஓட்டியிருக்கான் சார்" என்றான். அந்த ஒற்றை வாக்கியம் ஆஸ்பத்திரிக்கு வந்தது, அங்கிருந்து வீட்டுக்கு வந்தது, துக்கம் கேட்க வந்தவர்களோடு பாயில் உட்கார்ந்தது. அவர்கள் எழுந்து போனார்கள். அது போகவில்லை.

இப்போது தங்கைக்கு வண்டி வேண்டியிருந்தது.

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேதியியல் படித்துவிட்டுத் துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதை மடிப்பது, மடித்ததை அடுத்தவர் பிரிப்பது. முதலாளி அம்மாவுக்கு இவள் பட்டதாரி என்பதில் தனிப் பெருமை. "எங்க கடையில டிகிரி படிச்ச பொண்ணு மடிக்குது" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். கேட்கும்போதெல்லாம் இவளுக்குக் கையில் இருக்கும் சட்டையைக் கிழித்துப்போடத் தோன்றும்.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை வந்தது. ஊருக்கு வெளியே போய் ஏரி, கிணறு, ஆழ்குழாய், தொழிற்சாலைக் கழிவு ஓடை என்று எல்லா இடத்திலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சூடேறுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நேர்காணலில் கேட்ட கடைசிக் கேள்வி, "வண்டி இருக்கா?" அவள் வாய் கூசாமல் "இருக்கு சார்" என்றாள். "ஓட்டத் தெரியுமா?" "தெரியும் சார்." இரண்டும் பொய். வேலையில் சேரும் நாளன்று வண்டியோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள் தயார்.

வீட்டில் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னொரு படம் மாட்ட அந்தச் சுவர்ல இடம் இல்லடி" என்றாள்.

"அப்ப நான் காலம் பூரா சட்டை மடிக்கட்டுமா?"

"மடி. மடிக்கறவ யாரும் மண்டை உடைஞ்சு சாகல."

அப்பா தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர் அவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் தோளும் இடுப்பும் அவருக்கு மனப்பாடம். எதைத் தைத்தாலும் இரண்டு விரல் தாராளமாக விட்டு, உள்ளே மடித்துத் தைப்பார். "வளர்ற புள்ள. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். அந்தச் சொல்லுக்காகவே அவரைத் தேடி வருவார்கள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். குளிக்கும்போது மட்டும் ஆணியில் மாட்டுவார். மிதியை அழுத்திக்கொண்டே, "ஓட்டட்டும். பத்திரமா ஓட்டறதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அப்பா அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது முத்திரை மாமா. அம்மாவின் தம்பி. மிக்சி, மாப்பிள்ளை, மாத்திரை எதுவானாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது தேறும்", "இது தேறாது" என்று முத்திரை குத்திவிடுவதால் அந்தப் பெயர். சந்தை கூடாத நாட்களில் காலியாகக் கிடக்கும் மைதானத்தில், தன் பழைய வண்டியில் அவளை உட்காரவைத்து, தான் பின்னாலேயே ஓடி வருவார். "கிளச்சை விடு! மெதுவா விடு! ஐயோ, மெதுவான்னா மெதுவா! இது என்ன எலிப்பொறியா, பட்டுனு விடறே?" வண்டி முயல்மாதிரி ஒரு குதி குதித்து அணைந்துபோகும். மாமா குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். "நீ வண்டி கத்துக்கறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் மருமகளே." ஆனாலும் மறுநாளும் வருவார்.

வண்டி வாங்க ஷோரூமுக்கு மூவரும் போனார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட விற்பனையாளர் மாமாவையும் அப்பாவையும் பார்த்து, "வாங்க சார், வாங்க சார்" என்றார். "பொண்ணுக்கா சார்? இந்தப் பக்கம் வாங்க. லேடீஸ் மாடல் எல்லாம் இங்க இருக்கு." ஊதா, ரோஸ், வெளிர்பச்சை என்று கலர்ப் பல்பம் மாதிரி ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன.

"எனக்குக் கியர் வண்டி வேணும்" என்றாள்.

விற்பனையாளர் மாமா பக்கம் திரும்பினார். "கியர் வண்டியா சார் கேக்கறாங்க?"

"நான் இங்கதான் நிக்கறேன். என்கிட்டயே கேக்கலாம்."

"இல்ல மேடம், கியர் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்..."

"கெமிஸ்ட்ரியும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

ஏரிக்கரையிலும் வரப்பிலும் குட்டிச் சக்கரம் குழியில் இறங்கினால் ஏறாது, பின்னால் ஐஸ் பெட்டி கட்ட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். இவனுக்கு எதற்கு விளக்கம்?

மாமா அதற்குள் கூடத்தின் நடுவே மேடையில் நின்ற ஒரு பெரிய வண்டியின் டேங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். எருமைக்கு வண்ணம் அடித்த மாதிரி இருந்தது அது. "வண்டின்னா இது. தேறும். ஏறு மருமகளே." ஏறினாள். கால்விரல் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி தன்பாட்டுக்கு இடது பக்கம் சாயத் தொடங்கியது. அவளால் நிறுத்த முடியவில்லை. மாமாவும் விற்பனையாளரும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து பிடித்தார்கள்.

"நிக்கும்போதே விழுந்தா ஓடும்போது என்ன செய்யும்?" என்றாள் இறங்கிக்கொண்டே.

"பழகிடும்" என்றார் மாமா.

"எனக்குப் பழகறதுக்குள்ள அதுக்கு என்மேல விழுந்து பழகிடும்."

பிறகு ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகிறதா, உட்கார்ந்தபடி காலால் பின்னுக்குத் தள்ள முடிகிறதா, யார் கையும் இல்லாமல் நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்த முடிகிறதா, இவ்வளவுதான் அவள் பார்த்தது. மூன்றுக்கும் தேறியது மூலையில் நின்ற சின்ன இன்ஜின் கறுப்பு வண்டி. விற்பனையாளருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "மேடம், இது பால்காரங்க எடுக்கற வண்டி."

"அவங்க தினமும் வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க இல்ல? அது போதும்."

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இந்த எடத்துல தையல் பிரியும். நான் ஒரு ஓட்டு ஓட்டித் தர்றேன்" என்றார். விற்பனையாளர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் அப்பாவோடு சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் அப்பா பீரோவின் மேலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். காக்கிச் சீருடைத் துணியில் அவரே தைத்து, வாயில் நாடா கோத்த பை. அண்ணன் ஹெல்மெட் அதற்குள்தான் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் தொட்டதில்லை. அம்மா கூடத்திலிருந்து எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"வண்டிதான் புதுசு. இதையும் புதுசா எதுக்கு வாங்கணும் பாப்பா? நல்ல ஹெல்மெட். ஒரு கீறல் இல்ல. உனக்காக உள்ள மறுபடி தைச்சிருக்கேன், பாரு."

அந்த ஹெல்மெட் வாங்கிய கதை வீட்டில் பலமுறை சொல்லப்பட்டதுதான். அண்ணன் கூரியர் கம்பெனியில் சேர்ந்த சமயம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவே கடைக்குப் போனார், தன் தலையில் போட்டுப் பார்த்தார், வாங்கி வந்துவிட்டார். அண்ணன் தலையில் அது கொஞ்சம் ஆடியது. அதனால் என்ன, அப்பா தையற்காரர் இல்லையா? பஞ்சு வைத்து, மெத்தைமாதிரி கட்டம் கட்டமாகத் தைத்த ஒரு பட்டையை உள்ளே சுற்றிலும் பதித்துக் கொடுத்தார். அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை. கூட்டாளிகளிடம் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டுவான். "கம்பெனில இந்த மாதிரி தைக்க முடியுமாடா? எங்கப்பா கைவேலை."

அவள் பையைப் பிரித்து ஹெல்மெட்டை வெளியே எடுத்தாள். உள்ளே புதுப் பட்டை, முன்னதைவிட இரண்டு பங்கு தடிமன். நூல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு தையல்கூடக் கோணவில்லை.

கன்னத்துக்குக் கீழே வரும் வாரைப் பார்த்தாள். கிளிப் மூடியிருந்தது.

மூடி, கடித்துக்கொண்டு, இறுகியிருந்தது. இரண்டு பாதியும் சேரும் இடுக்கில் மணல். மழைத் தண்ணீரில் நனைந்து காய்ந்து, சிமெண்ட் பூசினாற்போல ஒட்டிப்போன மணல். அன்றிலிருந்து அந்தக் கிளிப்பை யாரும் திறக்கவில்லை. திறந்திருந்தால் மணல் உதிர்ந்திருக்கும்.

முதலில் ஒன்று புரிந்தது. அவன் போட்டிருந்தான். கிளிப் போட்டிருந்தான். போட்ட கிளிப் போட்டபடி இருக்க, ஹெல்மெட் மட்டும் கழன்று போயிருக்கிறது. தலையைவிடப் பெரிய ஹெல்மெட். பஞ்சு அமுங்கும், நழுவும். மண்டை ஓடு வளர்கிற பிள்ளையின் தோள் இல்லை.

அடுத்தது அதைவிட மோசமாக உறைத்தது. உள்ளே புதுத் தையல் இருக்கிறது, ஆனால் மணல் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் அப்பா இதை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கிளிப்பைச் சுற்றியே கையைக் கொண்டுபோய்த் தைத்திருக்கிறார். திறக்காமல். பார்த்துக்கொண்டே. அவருக்குத் தெரியும்.

தினமும் காலையில் அம்மா படத்தின் முன்னால் நின்று திட்டும்போது, நாலடி தள்ளி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிற மனிதருக்குத் தெரியும்.

"போட்டுப் பாரு பாப்பா" என்றார் அப்பா.

"இப்ப வேணாம்பா. நாளைக்குக் கடைக்குப் போய் ஜாக்கெட், கையுறை எல்லாம் வாங்கணும். நீயும் வா" என்றாள்.

கடை நீளமான குகை மாதிரி இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் ஹெல்மெட்டுகள் அடுக்கி வைத்த தலைகளாக வெளியே பார்த்தன. நடத்துகிறவள் நடுவயதுப் பெண். கல்லாவில் உட்கார்ந்து வாயில் எதையோ மென்றுகொண்டே, பார்வையாலேயே அளவு சொல்கிற ரகம். அவள் எடுத்துக் கொடுத்த ஜாக்கெட்டை மகள் போட்டுக்கொண்டாள். அப்பாவின் கை தன்பாட்டுக்குப் போய்த் தோள்பட்டையைக் கிள்ளிப் பார்த்தது.

"ரெண்டு விரல் லூஸ் வேணும்" என்றார்.

"இது பள்ளிக்கூடச் சட்டை இல்லண்ணே" என்றாள் கடைக்காரி. "முழங்கையில கெட்டியா ஒரு பட்டை இருக்கு பாருங்க. சட்டை லூஸா இருந்தா, விழும்போது முழங்கை ஒரு பக்கம் போகும், பட்டை ஒரு பக்கம் போகும். ஒட்டி இருக்கணும்."

கையுறை வாங்கினாள், கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா "கொஞ்சம் பெருசா" என்று வாயெடுத்து, கடைக்காரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ஹெல்மெட் முறை வந்தது. "தலை சுத்தளவு என்னன்னு தெரியுமா?" என்றாள் கடைக்காரி.

"எங்கப்பா அளவெடுப்பார்" என்றாள் அவள்.

அப்பா கழுத்து நாடாவை உருவினார். புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி. ஆயிரம் பிள்ளைகளை அளந்த கை. நாடா சேர்ந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். வாய் எண்ணைச் சொல்லவில்லை. பெற்ற மகனின் தலையில் இந்த நாடாவை ஒருமுறைகூட வைத்ததில்லை என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகம் நாடாவை அழுத்திக்கொண்டே இருந்தது.

கடைக்காரி எட்டிப் பார்த்து, அவளே எண்ணைப் படித்து, சுவரிலிருந்து ஒன்றை எடுத்தாள். போட்டபோது கன்னம் இரண்டும் அழுந்தி, வாய் மீன்வாய் மாதிரி குவிந்தது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் தலையும் சேர்ந்தே ஆடின.

"இறுக்குதே" என்றார் அப்பா, மெல்ல.

"இறுக்கணும்ணே. இறுக்கலைன்னா அது தொப்பி."

அவள் அதைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தாள். "அக்கா, பெரிய சைஸ் ஒண்ணு குடுங்க. எங்கப்பா தலைக்கு ஆகற மாதிரி."

"அவருக்கும் வேணுமா?"

"இல்ல. நான் போட்டுப் பார்க்கணும்."

போட்டாள். கிளிப்பை மாட்டினாள். சொடக் என்று சத்தம் கேட்டது. தாடைக்குக் கீழே வாரை இழுத்து முறுக்கினாள். பிறகு அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அப்பா. பின்னாடி இருந்து மேல தூக்கு."

அப்பா கையிலிருந்த நாடாவைச் சுருட்டினார்.

"தூக்குப்பா. கிளிப் போட்டிருக்கேன் இல்ல? ஒண்ணும் ஆகாது. தூக்கு."

"வேணாம் பாப்பா."

"நான் தூக்கறேன், தள்ளுங்க" என்று கடைக்காரி எழுந்து வந்தாள். பின்மண்டையின் கீழ் விளிம்பில் இரண்டு விரலைக் கொடுத்து ஒரு நெம்பு. ஹெல்மெட் முன்னால் உருண்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கழன்று, போட்டிருந்தவள் கையிலேயே வந்து விழுந்தது. வார் பூட்டியபடியே இருந்தது.

"பார்த்தீங்களா? கிளிப் போட்டாலும் லூஸா இருந்தா இவ்வளவுதான்" என்றாள் கடைக்காரி, யாருக்கோ தினமும் சொல்கிற தொனியில். "உள்ள துணி வெச்சு அடைச்சுக்கறோம்னு சில பேர் கேப்பாங்க. அது பிரயோஜனமே இல்ல. பில் போட்டுடவா?"

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பூட்டிய கடையொன்றின் தகரக் கூரைக்குக் கீழே அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

அவர் மழையைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரில கையில குடுத்தப்பவே. மூடித்தான் இருந்துச்சு."

"அம்மா தினமும் அவனைத் திட்டறா. செத்தவனை நிக்கவெச்சுத் திட்டறா. நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கே."

"திட்டறதுக்காவது ஒரு காரணம் இருக்கட்டும்னு..."

"யாருக்கு? அவளுக்கா, உனக்கா?" அவள் குரல் உயர்ந்தது. நடந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "சரி, அதை விடு. எல்லாம் தெரிஞ்சும் அதே ஹெல்மெட்டை எனக்கும் மாட்டிவிடப் பார்த்தியே, அது எப்படிப்பா?"

அப்பா அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார். கண்ணில் கெஞ்சல்கூட இல்லை. ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிற ஆளின் கண். "முன்ன ஒரு மடிப்புதான் வெச்சிருந்தேன் பாப்பா. பஞ்சும் மட்டம். இந்தத் தடவை ரெண்டு மடிப்பு. தையலை நெருக்கி ஓட்டியிருக்கேன். நகராது. நான் பார்த்துட்டேன், நகராது."

இந்த மனிதருக்கு மகன் செத்தது ஒரு தையல் பிசகு. பிரித்து மறுபடி தைத்துவிட்டால் சரியாகிவிடும். அதைச் சரிபார்க்க ஒரு தலை வேண்டும். வீட்டில் மிச்சமிருந்தது இவள் தலை.

"அம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன். நீ வண்டியை வீட்டுக்குக் கொண்டு வர்ற அன்னைக்குச் சொல்லிடறேன்."

"நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்."

"நான் சொல்லிடறேம்மா" என்றார். அதற்குள் தூறல் வலுத்துவிட்டது. இருவரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.

வண்டி தயாரான அன்று மாமாவைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் எடுத்து வந்தாள். மேம்பாலத்து வளைவு வழியாகத்தான் வர வேண்டும். இறங்கும்போது கியரைக் குறைத்தாள். தரையில் மணல் இல்லை. எண்ணெய்க் கறை ஒன்று வானவில் நிறத்தில் பளபளத்தது. நடைபாதையின் விளிம்புக் கல்லை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் வண்டியும் அங்கேயே போகும் என்று மாமா சொல்லிக்கொடுத்திருந்தார்.

வாசலில் நிறுத்தியபோது அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வந்து மகளின் தாடைக்குக் கீழே விரலை விட்டு வாரை இழுத்துப் பார்த்தாள். "ம். போட்டிருக்கே. புத்தி இருக்கு உனக்காவது. அந்தத் தறுதலை மாதிரி..."

உள்ளே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா குனிந்திருந்தார். அவர் சொல்லவில்லை என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"அவன் போட்டிருந்தான்மா."

"என்ன?"

"அண்ணன் கிளிப் போட்டிருந்தான். உள்ள வா, காட்டறேன்."

தலையிலிருந்ததைக் கழற்றக்கூட இல்லை. அதன் முகக் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிக்கொண்டு, பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் போனாள். பீரோமேலிருந்து காக்கிப் பையை இழுத்தாள். நாடாவை அவிழ்த்தாள். ஹெல்மெட்டை வெளியே எடுத்து அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

வார் இரண்டு துண்டாகத் தொங்கியது. கிளிப் திறந்திருந்தது. ஒரு மணல் துகள்கூட இல்லை. துடைத்துத் துப்புரவாக்கியிருந்தது. முகர்ந்து பார்க்கவே வேண்டாம்; தையல் இயந்திரத்துக்கு விடுகிற எண்ணெயின் வாசனை அந்த அறை முழுக்க இருந்தது.

"தொறந்துதானேடி இருக்கு?" என்றாள் அம்மா.

"அன்னைக்கு நான் பார்த்தப்ப மூடியிருந்துச்சு. அப்பாவைக் கேளு."

"என்ன சொல்றா இவ?" அம்மா கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசிக்குக் கீழே துணி இல்லை. வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவன் தலைக்கு இது பெருசும்மா. அதான் கழண்டுச்சு. கிளிப் போட்டும் கழண்டுச்சு. அப்பாவுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

அம்மாவின் கை அவள் தோளில் விழுந்தது. அடிதான், ஆனால் புது ஜாக்கெட்டின் பட்டை அதை வாங்கிக்கொண்டது. "படிச்ச திமிருடி உனக்கு! கண் அவிஞ்சு போற அளவுக்கு உக்காந்து உனக்காகத் தைச்ச மனுஷன்மேல பழி போடறியே, நாக்கு அழுகிடாது?"

"பழியை இவ்வளவு நாளா அண்ணன் மேலதானே போட்டுக்கிட்டிருக்கோம்? அவன் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டான்னுதானே?"

இயந்திரம் நின்றது.

அப்பா எழுந்து வந்தார். மகளின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினார். நூல் அறுக்கிற பிளேடைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, உள்ளே தானே நெருக்கி ஓட்டிய தையலை ஒரு பக்கமிருந்து அறுத்துக்கொண்டே போனார். பட்டை கழன்று, பஞ்சு பிதுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது. பிறகு ஹெல்மெட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அது அச்சில் வார்த்தமாதிரி உட்கார்ந்தது.

கிளிப்பை மாட்டினார். சொடக்.

"என் தலைக்குப் பார்த்து வாங்கினது" என்றார். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அவன் போட்டிருந்தான். காலையிலதான் நான் தொறந்து தொடைச்சேன்."

அம்மா அந்தத் தலையைப் பார்த்தாள். அப்புறம் கிட்டே போனாள். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பக்கத்துக்கொன்றாகப் பிடித்தாள். இழுத்தாள். அப்பா குனிந்து கொடுத்தார். அவர் கழுத்தும் முதுகும் சேர்ந்து வந்தன, ஹெல்மெட் வரவில்லை. பின்னால் போய், கீழ் விளிம்பில் விரலைக் கொடுத்து மேலே நெம்பினாள். வரவில்லை.

"கழலு" என்றாள். "அவனுக்குக் கழண்டே இல்ல? இப்பக் கழலு. கழலேன்."

அப்பா முழங்காலில் விழுந்துவிட்டார். கிளிப்பைத் தொட அவர் கையைத் தூக்கவில்லை. அம்மாவும் தொடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மகள் தன் ஹெல்மெட்டுக்குள் கன்னம் இரண்டும் அழுந்த நின்றுகொண்டிருந்தாள். தன் மூச்சு தனக்கே இரைந்து கேட்டது. யாரையும் பிடித்து விலக்க அவளுக்குத் தோன்றவில்லை.

வேலையில் சேரும் நாள் காலையில் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தின் முன்னால் நின்றாள். வழக்கம்போல வாய் திறந்தது. சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. படம் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள், அடுப்பு பற்றவைக்காமலே கிடந்தது. இயந்திரத்தின் மேல் உறை போட்டு மூடியிருந்தது. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அவள் ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டினாள். கையுறையை மாட்டினாள். ஹெல்மெட்டைப் போட்டு, கிளிப்பைச் சேர்த்து, வாரை இழுத்துப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிப் போட்டாயா என்று கேட்க யாரும் வெளியே வரவில்லை.